நகர்த்த முடியாத சமையலறை

துல்லியோவின் முகத்தில் ஒரு பக்கம் மழித்து முடித்து, மறுபக்கத்தில் சோப்பு நுரை காய்ந்துகொண்டிருந்த நேரத்தில்தான் ஒரேஸ்தே அந்தச் செய்தியைச் சொன்னான்.

"உன் வேஷம் எனக்குத்தான் கிடைச்சிருக்கு."

"என்ன வேஷம்?"

"உன் பொண்ணு எழுதின புத்தகத்தை நாடகமா போடுறாளே, அதுல அப்பன் வேஷம். தெரேசான்னு ஒரு புள்ளை. மூணாவது காட்சியில அதைப் பள்ளிக்கூடத்துலேர்ந்து நிறுத்திடறேன். கரடி மாதிரி கத்தணுமாம். மண்டபமே அழணும்னு நிவேஸ் சொல்லிட்டா. அசையாதே, கத்தி கழுத்துக்கிட்ட இருக்கு."

துல்லியோ அசையவில்லை.

நிவேஸின் புத்தகத்தை மெல்போர்னின் அந்த வடக்குப் பகுதியில் இருந்த இத்தாலியக் குடும்பங்கள் எல்லாமே வாங்கியிருந்தன. வாங்கி, முன்னறைக் கண்ணாடி அலமாரியில், கல்யாண வீடுகளில் கொடுத்த பீங்கான் அன்னங்களுக்கு நடுவில் நிற்கவைத்திருந்தன. சோபாவின் பிளாஸ்டிக் உறையையே பிரிக்காதவர்கள் புத்தகத்தை மட்டும் பிரித்துவிடுவார்களா? துல்லியோவின் வீட்டிலும் அது அலமாரியில்தான் இருந்தது. பதின்மூன்று வயதில் அப்பாவோடு காங்கிரீட் கலக்கப் போனவர் அவர். ஆங்கிலத்தில் அவர் சரளமாகப் படித்தது சிமெண்ட் மூட்டையின் மேல் இருப்பதை மட்டும்தான். படித்துச் சொல்ல மனைவியும் இப்போது இல்லை.

"நான் நிவேஸைப் பள்ளிக்கூடத்துலேர்ந்து நிறுத்தலையே. காலேஜ் வரைக்கும் படிக்கவச்சேன்," என்றார், எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"வேற எதையாவது நிறுத்தியிருப்ப. யோசிச்சுப் பாரு."

யோசித்தார். தெருவைக் கடப்பதற்குள் ஞாபகம் வந்துவிட்டது. நிவேஸுக்குப் பதினைந்து வயது. பள்ளியில் மலைப் பக்கம் முகாம் கூட்டிப்போனார்கள். பையன்களும் வருகிறார்கள் என்று தெரிந்ததும், முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். கதவுக்குப் பின்னாலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. உள்ளே போய் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். போகாமல் தோட்டத்தில் தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் சலூனுக்கே திரும்பி வந்து அதைச் சொன்னார்.

"அதான் விஷயம்," என்றான் ஒரேஸ்தே. "முகாமைப் பள்ளிக்கூடமா மாத்திட்டா. இதுக்குப் பேர்தான் இலக்கியம்."

"அப்போ முதல் காட்சியில கப்பல் வருதுங்கறியே? நிவேஸ் இங்கேயே பொறந்தவளாச்சே."

"கப்பல் இல்லாம நம்ம ஆளுங்க யாரு டிக்கெட் வாங்குவாங்க?"

ஞாயிறு மதியம் நிவேஸ் வழக்கம்போல் சாப்பிட வந்தாள். துல்லியோ சூப்பைக் கிண்டிக்கொண்டே, உன் நாடகத்தில் அந்த அப்பா ரொம்பக் கெட்டவனா என்று கேட்டார். அவள் முகம் சிவந்தது. சிறு வயதிலிருந்தே மனதில் இருப்பதைச் சொல்லும்போது அவளுக்கு முகம் சிவக்கும். அவருக்கும் அப்படித்தான். அதனாலேயே அந்த வீட்டில் சாப்பாட்டைப் பற்றி மட்டும் தாராளமாகப் பேசிக்கொண்டார்கள்.

"இப்போ எதுவும் கேக்காதீங்கப்பா. அன்னிக்கு வந்து பாருங்க. பாத்தா உங்களுக்கே புரியும்."

துல்லியோ சூப்பை அவள் கிண்ணத்தில் ஊற்றினார். ஊர் முழுக்கக் கூடியிருக்கும் மண்டபத்தில், பெற்ற மகள் தன்னை என்னவென்று நினைக்கிறாள் என்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஊர் சிரித்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அவள் மனதில் இத்தனை வருஷம் அது ஆறாமல் இருந்திருக்கிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

கடவுள் சிலருக்குப் பேச்சைக் கொடுக்கிறார், சிலருக்குக் கையை மட்டும் கொடுக்கிறார். துல்லியோ கையை நீட்டினார். மேடைக்கு வேண்டிய சமையலறையை நானே கட்டித் தருகிறேன் என்றார்.

நிவேஸ் சந்தோஷமாக ஒரு படம் வரைந்து கொடுத்தாள். பிளைவுட்டில் ஒரு சுவர், ஒரு மேஜை, ஒரு விறகு அடுப்பு, ஒரு சின்ன ஜன்னல். துல்லியோ அதைப் பார்த்து வருத்தப்பட்டார். விறகு அடுப்பா? இவள் பிறக்கும்போதே வீட்டில் கேஸ் அடுப்பு வந்துவிட்டது. சொந்த வீட்டையே மறந்துவிட்டாளே என்று நினைத்தார். இவ்வளவு ஏழைச் சமையலறையில் நிற்கும் அப்பாவை ஊர் மன்னிக்காது. நல்ல சமையலறையில் நின்றால் கொஞ்சம் மன்னிக்கும்.

அதனால் செங்கலில் கட்டினார்.

முதலில் ஒரு சுவர் என்றுதான் ஆரம்பித்தார். சுவர் ஆடக்கூடாது என்று அடியில் காங்கிரீட் போட்டார். காங்கிரீட் போட்ட பிறகு ஒரு வளைவு இல்லாவிட்டால் நன்றாக இருக்காது. வளைவு வந்ததும் இரண்டு தூண் வந்தது. பிறகு இளஞ்சிவப்பு டைல்ஸ், கேஸ் அடுப்பு, பிரிட்ஜ், இரட்டை சிங்க், சிங்குக்கு அடியில் கதவு வைத்த அலமாரி. குழாயில் நிஜமாகவே தண்ணீர் வந்தது. மண்டபத்தின் கழிவறையிலிருந்து பைப் இழுத்திருந்தார். தூணின் மேல் வைக்க இரண்டு சிமெண்ட் சிங்கங்களையும் கொண்டுவந்தார். நிவேஸ் கெஞ்சிக் கேட்டதால் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்.

இவர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே கீழே ஒத்திகை நடந்தது. மூன்றாவது காட்சி ஆரம்பிக்கும்போதெல்லாம் துல்லியோ கலவை மெஷினைப் போட்டுவிடுவார். கலக்க ஒன்றும் இல்லாத நாளில்கூட அது கடகடவென்று சுற்றியது. ஒரேஸ்தே வாயை அசைப்பதும் மிரெல்லா என்ற சிறுமி கண்ணைத் துடைப்பதும்தான் தெரியும். ஒரு சொல்கூட இவர் காதில் விழவில்லை.

சமையலறை முடிந்த நாளில்தான் ஒரு விஷயம் எல்லோருக்கும் உறைத்தது. நாடகத்தில் கப்பல் வருகிறது, பள்ளிக்கூடம் வருகிறது, கோயில் வருகிறது. சமையலறையோ அசையாது. ஆறு பேர் தள்ளிப் பார்த்தார்கள். மேடைதான் கொஞ்சம் முனகியது.

நிவேஸ் வெகுநேரம் சிங்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். இடிக்கச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எல்லாக் காட்சிகளும் சமையலறையிலேயே நடக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். அதன்படி, கப்பலில் வந்தவர்கள் சிங்குக்கு மேல் சாய்ந்து கடலைப் பார்த்தார்கள். ஆசிரியை அடுப்பில் கணக்குப் போட்டாள். பாவசங்கீர்த்தனம் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் நடந்தது. பாதிரியாராக நடித்தவர் பிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து பாவமன்னிப்புக் கொடுத்தார்.

மறு வாரமே அந்த மேடையில் ஒரு கல்யாண விருந்து இருந்தது. மணப்பெண்ணின் தாய் வந்து பார்த்தாள். இனிமேல் சமையல்காரரை வெளியே தேட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

துல்லியோவுக்குக் குற்ற உணர்ச்சி இரட்டிப்பானது. இப்போது மகளின் இளமையை மட்டுமில்லை, நாடகத்தையும் கெடுத்தாகிவிட்டது. அடுத்த வழியாக ஒரேஸ்தேயைப் பிடித்தார். வீட்டில் போட்ட பன்றி இறைச்சிச் சலாமி இரண்டும் வைன் ஒரு குடுவையும் கொண்டுபோய்க் கொடுத்து, மூன்றாவது காட்சியில் கொஞ்சம் மெதுவாகக் கத்தும்படி கேட்டுக்கொண்டார்.

ஒரேஸ்தே நன்றியுள்ளவன். அன்று ஒத்திகையில் மிரெல்லாவின் தலையைத் தடவிக்கொண்டே, "நாளைலேர்ந்து பள்ளிக்கூடம் கிடையாதுடி, என் கண்ணு," என்றான். நிவேஸ் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். இது கரடியா, முயல்குட்டியா என்று கேட்டாள். மானம் போன ஒரேஸ்தே அடுத்த முறை கத்திய கத்தலில் மிரெல்லா நிஜமாகவே பயந்து அழுதாள். ரொம்ப நன்றாக இருக்கிறது, இப்படியே செய்யுங்கள் என்றாள் நிவேஸ். சலாமி திரும்பி வரவில்லை.

கடைசியில் துல்லியோ பங்குச் சாமியார் அன்செல்மோவிடம் போனார். தாய் தந்தையை மதிப்பாயாக என்று ஆண்டவர் சொல்லியிருக்க, தந்தையைத் திட்டும் காட்சியைக் கோயில் மண்டபத்தில் போடலாமா என்று பணிவாகக் கேட்டார்.

சாமியார் மிகவும் நல்லவர். கண்ணை மூடி யோசித்தார். "நீங்க சொல்றது ரொம்பச் சரி, துல்லியோ. இதை நான் சும்மா விடமாட்டேன்."

சும்மா விடவில்லை. ஞாயிறு பூசையில் அரை மணிநேரம் தந்தையரைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். நம் பங்கிலுள்ள தந்தையர் ஒருவர் பாக்கியில்லாமல் இந்த நாடகத்தைப் பார்த்துத் தங்கள் மனச்சாட்சியைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று முடித்தார். அன்று மாலைக்குள் டிக்கெட் தீர்ந்தது. பக்கத்துப் பங்குகளிலிருந்து இரண்டு பஸ் ஏற்பாடாகியது.

நாடகத்தன்று துல்லியோ மண்டபத்துக்குள் உட்காரவில்லை. குழாய் ஒழுகுகிறது, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சொல்லி, சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டார். பொய் சொன்னதற்குத் தண்டனையோ என்னவோ, குழாய் நிஜமாகவே ஒழுக ஆரம்பித்தது. கப்பல் காட்சியில், பாவம், ஒரு நடிகர் உணர்ச்சிவசப்பட்டுக் குழாயை இறுகப் பிடித்துவிட்டார். அது கையோடு வந்தது. தண்ணீர் பீறிட்டு மேலே எழும்பி முதல் வரிசையில் விழுந்தது. கடல் ரொம்பத் தத்ரூபம் என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

துல்லியோ ஸ்பானரை எடுத்துக்கொண்டு, சுவரின் பின்பக்கத் திறப்பு வழியாக சிங்குக்கு அடியிலிருந்த அலமாரிக்குள் தவழ்ந்து போனார். இருட்டில், முழங்கால் வாய்க்குப் பக்கத்தில் வர, தண்ணீரில் ஊறியபடி பைப்பை முறுக்கினார். பள்ளிக்கூடக் காட்சி தலைக்கு மேல் நடந்து முடிந்தது. ஒழுகல் ஒருவழியாக நின்றது. அப்போதுதான் மூன்றாவது காட்சி ஆரம்பித்தது.

கலவை மெஷினை நிவேஸ் காலையிலேயே வெளியே அனுப்பியிருந்தாள். காதைப் பொத்தக்கூடக் கையை மடக்க இடமில்லை.

"நாளைலேர்ந்து பள்ளிக்கூடம் கிடையாது," ஒரேஸ்தேயின் குரல் மேஜையை அறைந்தது. "விடியறதுக்கு முன்னாடி எழுந்து என்கூட வேலைக்கு வர. அவ்வளவுதான். அழுதா தோலை உரிச்சுடுவேன்."

சிறுமி அழவில்லை. "இன்னும் ஒரே ஒரு வருஷம்ப்பா," என்றாள். மெல்லக் கேட்டாள். இன்னொரு முறை கேட்டாள். ஒரேஸ்தே பதில் சொல்லாமல் அவள் புத்தகப் பையை எடுத்து மூலையில் எறிந்தான்.

துல்லியோவின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று, அது என்னவென்றே தெரியாமல், உடைந்தது. முகாமாவது நாடகமாவது. ஒரு குழந்தை கேட்டுக்கொண்டிருக்கிறது, யாரும் பதில் சொல்லவில்லை.

அலமாரிக் கதவு திறந்தது. முதலில் ஸ்பானர் வந்தது. பிறகு நரைத்த தலை வந்தது. பிறகு துல்லியோ முழுக்க, சொட்டச் சொட்ட, சிங்குக்கு அடியிலிருந்து மேடைக்குத் தவழ்ந்து வந்தார்.

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. ஒரேஸ்தே அனுபவமுள்ள நடிகன் என்று காட்டிக்கொள்ள, "யாருய்யா நீ? எத்தனை நாளா அங்க இருக்க?" என்று கேட்டான். சிரிப்பு இன்னும் கூடியது.

துல்லியோவுக்கு அது எதுவும் கேட்கவில்லை. மூலையில் கிடந்த பையை எடுத்தார். ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார், சட்டையும் ஈரம். மிரெல்லாவின் முன்னால் மண்டியிட்டுப் பையை அவள் தோளில் மாட்டினார்.

"நீ போம்மா. பள்ளிக்கூடத்துக்குப் போ. நானே வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடறேன்," என்றார். "அன்னிக்கு நான் கோவத்துல சொல்லலை. பயத்துல சொன்னேன். புது ஊர், புரியாத பேச்சு, புள்ளை நம்மளை விட்டுப் போயிடுமோன்னு பயம். அதைச் சொல்லத் தெரியலை. தப்பு என்னோடதுதான்."

சிரிப்பு அடங்கிவிட்டது. மண்டபத்தில் எங்கோ ஒரு கைப்பை திறக்கும் சத்தம் கேட்டது, பிறகு நிறையக் கைப்பைகள். தந்தையர் எல்லோரும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். முன்வரிசையில் சாமியார் மூக்கைச் சிந்தினார். திரைக்குப் பக்கத்தில் நின்ற நிவேஸ் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

துல்லியோ அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. மிரெல்லாவிடமே தலை குனிந்து மெதுவாகச் சொன்னார்: "உள்ள நிக்குதே என் பொண்ணு, அவகிட்ட நீ சொல்லு. அவளோட அந்த அப்பனை மன்னிச்சுடச் சொல்லு."

மிரெல்லா குழம்பிப்போனாள். வசனத்தில் இது இல்லை. ஆனாலும் நல்ல பிள்ளை. அவர் காதருகே குனிந்து, ரகசியமாகச் சொன்னாள்.

"மாமா, நீங்க தப்பா நினைச்சுட்டீங்க. நாடகத்துக்கு ஒரு பையன்கூட வரலை, எல்லாம் ஃபுட்பால் ஆடப் போயிட்டாங்க. அதனாலதான் எனக்காகத் தெரேசான்னு மாத்தினாங்க. புத்தகத்துல இது பையன், மாமா. அவன் பேரு துல்லியோ."