திருகோணமலையில் என் பின்னால் வந்தவர்கள்

ஒரு உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு நாலு பேரைச் சேர்த்துக் கண்டால் வரிசையில் நிற்கவைக்கத் தோன்றும். தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு டீச்சர். பள்ளியில் சுற்றுலா என்றால் ஹெலன் டீச்சரைத்தான், அதாவது என்னைத்தான், கூப்பிடுவார்கள். நானூறு பெண்களை மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப்போய் நானூறு பேரையும் திரும்பக் கொண்டுவந்திருக்கிறேன். இந்தத் திறமைதான் என்னைக் கெடுத்தது.

மூன்று வருடத்துக்கு முன்பு எங்கள் மாமா அத்தையின், அதாவது என் மாமனார் மாமியாரின், ஐம்பதாவது திருமண நாள் வந்தது. சிட்லபாக்கம் வீட்டில் பிரியாணி போட்டு முடித்துவிடலாம் என்றுதான் நானும் என் கணவர் சாமுவேலும் நினைத்தோம். மாமா, "நான் இதுவரைக்கும் கப்பல்ல போனதில்ல" என்று பொதுவாகச் சொன்னார். (பொதுவாகச் சொல்வதுபோல் சொல்லி நினைத்ததைச் சாதிப்பதில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்களுக்கு நிகர் கிடையாது.) இரண்டு மாதம் கழித்து, சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குப் போய்வரும் ஒரு உல்லாசக் கப்பலில் நாங்கள் ஆறு பேர் ஏறினோம். மாமா, அத்தை, சாமுவேல், நான், கோவிலம்பாக்கத்தில் இருக்கும் நாத்தனார் பியூலா, அவள் கணவர் தேவராஜ். தேவராஜ் அதிகம் பேசமாட்டார். அந்தக் குடும்பத்தில் அவருக்கு அதற்கு வாய்ப்பும் கிடையாது.

கப்பல் திருகோணமலையில் ஒரு நாள் நிற்கும். காலையில் இறங்கி, மாலை நாலு மணிக்குள் ஏறிவிட வேண்டும். கப்பல்காரர்களே ஊர் சுற்றிக் காட்டுவார்கள்; முன்பதிவு செய்துகொண்டால் போதும்.

"அண்ணி, பேசாம அவங்க டூரையே எடுத்துக்கலாம். நமக்கு டென்ஷன் இல்ல" என்றாள் பியூலா.

"அவங்க டூர்ல ஒரு இடத்துல நாப்பது நிமிஷம் குடுப்பாங்க. அதுல முப்பது நிமிஷம் பாத்ரூம் க்யூவுல போயிடும். நான் பாத்துக்கிறேன்."

அந்த "நான் பாத்துக்கிறேன்" என்பதைச் சொன்னபோது நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேனாம். பியூலா இன்றும் அதை நடித்துக் காட்டுவாள்.

பார்த்துக்கொண்டேன் என்பது மட்டும் நிஜம். கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் மூலம் திருகோணமலையில் வேன் ஓட்டும் சிவராசா என்பவரைப் பிடித்தேன். முதலில் கன்னியா வெந்நீர் ஊற்று, அடுத்து கோட்டையும் மலைக்கோயிலும். மதியம் சிவராசாவின் அக்கா யோகம் வீட்டில் சாப்பாடு. அவர் வீட்டிலேயே ஆர்டருக்குச் சமைப்பவர். அட்டவணை போட்டு ஆளுக்கு ஒரு நகல் கொடுத்தேன். கடைசியாக, கப்பலில் முதல் நாளே மாமா வேறு தளத்தில் வேறு யாரோ ஒருவருடைய அறைக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றதால், எங்களை அடையாளம் காண ஒரு கொடியும் தயார் செய்தேன். பள்ளி விளையாட்டு விழாவில் மஞ்சள் அணிக்குப் பிடித்த கொடி. எதற்கும் இருக்கட்டும் என்று பெட்டியில் வைத்திருந்தேன். விசிலும் இருந்தது.

திருகோணமலையில் இறங்கினோம். துறைமுக வாசலில் ஒரே கூட்டம். நான் ஒரு சிமெண்டுக் கட்டையின் மேல் ஏறி நின்று கொடியை உயர்த்தி, விசிலை ஒரு முறை ஊதினேன். "எல்லாரும் என் பின்னாடி வாங்க. ரெண்டு ரெண்டு பேரா. நடுவுல யாரும் நிக்காதீங்க."

எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அன்று காலை கப்பல் ஒலிபெருக்கியில், மஞ்சள் ஸ்டிக்கர் கொடுக்கப்பட்டவர்கள் வெளியே மஞ்சள் கொடியைப் பின்தொடர வேண்டும் என்று அறிவித்திருக்கிறார்கள். நான் அப்போது அத்தையின் முட்டிக்குத் தைலம் தேடிக்கொண்டிருந்தேன்.

சிவராசா வாசலில் நின்றார். அவர் பின்னால் வேன் இல்லை, இருபத்தைந்து பேர் உட்காரும் சின்ன பஸ் ஒன்று நின்றது.

"வாங்கோ டீச்சர். வான் பழுதாப் போச்சுது. மச்சானிட்ட பஸ்ஸைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தனான். வசதியா இருந்து போகலாம்."

நான் முன் சீட்டில் உட்கார்ந்து, திரும்பி, என் ஆட்களை எண்ணினேன். மாமா, அத்தை, சாமுவேல், பியூலா, தேவராஜ், நான். ஆறு. சரி. அவர்களைத் தவிர இன்னும் கொஞ்சம் பேர் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் சட்டையிலும் மஞ்சளாக ஒரு வட்டம். (குடியேற்ற அதிகாரிகள் ஒட்டியது என்று நினைத்தேன். அப்படியானால் எங்களுக்கு ஏன் ஒட்டவில்லை என்று யோசிக்கவில்லை. கணக்கு டீச்சர்.) பஸ் பெரிதாக இருக்கிறதே என்று சிவராசா வேறு பயணிகளையும் ஏற்றிக்கொண்டார் போலிருக்கிறது என்று முடிவு கட்டினேன். கோபம்தான். ஆனால் கிளம்பும்போதே டிரைவரிடம் சண்டை போட்டால் பியூலா பார்ப்பாளே என்று விட்டுவிட்டேன்.

சிவராசாவோ, ஆறு பேர் என்று சொன்ன டீச்சர் இருபத்திநாலு பேரோடு வருகிறாரே, இந்தியாவில் ஒரு குடும்பம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறார். சாமுவேல், நான்தான் ஏதோ ஏற்பாடு செய்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறார். என் ஏற்பாடுகளைப் பற்றிக் கேள்வி கேட்பதை அவர் கல்யாணமான இரண்டாம் வருடமே நிறுத்திவிட்டார்.

கன்னியாவில் சின்னச் சின்னச் சதுரக் கிணறுகளாக ஏழு ஊற்றுகள். ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வித்தியாசப்படும். வாளியில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ளலாம். நான் எங்கள் ஆறு பேருக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். மஞ்சள் வட்டக்காரர்களும் சுற்றி நின்று கேட்டார்கள். ஒருவர் குறிப்பு எடுத்தார். எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

குளித்துவிட்டு வந்து தலை துவட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். சந்தானம் என்று பெயர். பள்ளிக்கரணையில் வீடு, வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் என்று பஸ்ஸிலேயே சொல்லியிருந்தார்.

"ரொம்ப நல்லா எக்ஸ்ப்ளெய்ன் பண்றீங்க மேடம். கண்ணாடி படகு எத்தனை மணிக்கு?"

"எந்தப் படகு சார்?"

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தார். மஞ்சள் குழு. வெந்நீர் ஊற்று, நிலாவெளிக் கடற்கரை, அடியில் கண்ணாடி போட்ட படகில் பயணம், நட்சத்திர ஹோட்டலில் பஃபே சாப்பாடு. கீழே கப்பலின் முத்திரை.

வெந்நீர் ஊற்றுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எனக்குக் கை கால் எல்லாம் சில்லிட்டுப் போனது. சுற்றிப் பார்த்தேன். மஞ்சள் வட்டங்களை முதல் முறையாக எண்ணினேன். பதினெட்டு. அடுத்தவர் டூரிலிருந்து பதினெட்டு பேரை நான் கடத்திக்கொண்டு வந்திருக்கிறேன்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயைத் திறந்தேன். "என்ன அண்ணி, ஏதாவது பிரச்சினையா?" என்று பின்னாலிருந்து பியூலாவின் குரல் கேட்டது.

"ஒண்ணுமில்ல பியூலா. சார் ஸ்கெட்யூல் பத்திக் கேக்கிறார்" என்றேன். பிறகு பதினெட்டு பேரையும் பார்த்து, "இன்னைக்கு புரோகிராம்ல ஒரு சின்ன மாற்றம். முதல்ல கோட்டை, கோயில். மத்ததெல்லாம் அப்புறம்" என்று அறிவித்தேன். வகுப்பில் கால அட்டவணை மாறிவிட்டது என்று சொன்னால் யாரும் காரணம் கேட்பதில்லை. இவர்களும் கேட்கவில்லை. இரண்டு இரண்டு பேராக ஏறினார்கள்.

சிவராசாவிடம் மெதுவாக, "உங்க அக்காகிட்ட சாப்பாடு ஆறு பேருக்குத்தானே சொன்னோம்?" என்று கேட்டேன்.

"ஓம். நான் அப்பவே யோசிச்சனான். இவ்வளவு சனத்துக்கும் ஆறு பேர் சாப்பாடு என்னண்டு காணும் எண்டு."

"இருபத்திநாலு பேருக்குச் சொல்ல முடியுமா?"

அவர் போன் போட்டார். மறுமுனையில் ஒரு நீண்ட பேச்சு. "பக்கத்து வீட்டுப் பானையையும் வாங்கிச் சமைக்கிறாவாம். யோசிக்காதேங்கோ" என்றார் சிவராசா.

எனக்கு அந்த ஏற்பாடு கொஞ்சம் தெம்பைக் கொடுத்தது. நல்ல சாப்பாடு போட்டு, கோயிலைக் காட்டி, நாலு மணிக்குள் கப்பலில் சேர்த்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாமல் முடிந்துவிடும் என்று நினைத்தேன். இப்படி நினைத்தவள் முப்பது வயதுக்குக் குறைந்தவள் அல்ல. நாற்பத்தாறு.

கோட்டைக்குள் புள்ளிமான்கள் சாலையிலேயே திரிந்தன. மேலே கோயிலுக்குப் போய்வந்து, கடலைப் பார்த்துவிட்டு, கீழே ஒரு ஆலமரத்து நிழலில் எல்லாரையும் உட்காரவைத்திருந்தேன். அப்போது ஒரு பெரிய ஏசி பஸ் வந்து நின்றது. அதிலிருந்து கப்பல் சீருடை போட்ட ஒரு பெண் இறங்கினார். அவர் கையிலும் மஞ்சள் கொடி. முகம் அழுது முடித்த முகம். நடக்கமுடியாத ஒருவருக்குச் சக்கர நாற்காலி கொண்டுவர உள்ளே போய்த் திரும்புவதற்குள் தன்னுடைய குழுவில் நாலு பேர்தான் மிச்சம் இருந்தார்களாம். ஊரெல்லாம் தேடியிருக்கிறார். கன்னியாவில் சீட்டுக் கொடுப்பவர், "கொடி பிடிச்ச டீச்சர் ஒராள் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனவ" என்று சொல்லியிருக்கிறார். கப்பலில் பதினெட்டு பேரைக் காணவில்லை என்று எழுதிவிட்டார்களாம்.

"இவங்களை யார் கூட்டிட்டு வந்தது?" என்றார் அந்தப் பெண். குரல் உயரவில்லை. அதுதான் என்னவோ செய்தது.

சாமுவேல் என்னைப் பார்த்தார். பியூலாவும் பார்த்தாள். இதற்கு மேல் ஒளிய இடமில்லை.

"நான்தான்மா. தெரியாம நடந்தது. ஆனா கன்னியாவுலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சொல்லாம கூட்டிட்டு வந்தது என் தப்புதான். எல்லாரும் மன்னிச்சுக்கணும்."

சந்தானம் சார் குறிப்பு நோட்டைத் திறந்தார். "அப்போ மேடம், ஏழு கிணத்துக்கும் ஏழு டெம்பரேச்சர் சொன்னீங்களே, அது?"

"அது உத்தேசம்தான் சார்."

அவர் பொறுமையாக ஏழு எண்களையும் கோடு போட்டு அடித்தார்.

மத்தியான சாப்பாடு வரை இருங்கள் என்று கேட்கலாமா என்று நினைத்தேன். அதற்குள் அவர்கள் ஏசி பஸ்ஸில் ஏறி முடித்திருந்தார்கள். கண்ணாடிப் படகு இன்னும் இருக்கிறது என்று அந்தப் பெண் சொன்னதுதான் காரணம். ஒரு பாட்டியம்மா மட்டும் கையசைத்தார். பஸ் கிளம்பியது. பழக்கதோஷத்தில் என் ஆட்களை எண்ணினேன். மூன்று.

"மாமா எங்கங்க?"

சாமுவேலுக்கு மாமாவிடமிருந்து போன் வந்தது. "அந்த வண்டியில ஏசி இருக்குடா. சீட்டும் காலியா இருந்துச்சு. உங்கம்மாவுக்கு முட்டி வலி வேற. தேவராஜையும் துணைக்குக் கூட்டிட்டு வந்திருக்கேன். ஹெலன்கிட்ட கோச்சுக்க வேணாம்னு சொல்லு."

யோகம் அக்கா வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டுப் பாய் விரித்திருந்தார். இரண்டு பெரிய பானைச் சோறு, நண்டுக் கறி, பருப்பு, கத்தரிக்காய், சம்பல், ஒரு அண்டா நிறைய அப்பளம். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் இன்னும் பொரித்துக்கொண்டிருந்தார்கள். யோகம் அக்கா எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"மற்ற ஆக்கள் பிறகு வருகினமோ?"

நான் எத்தனையோ பெற்றோரிடம் கெட்ட செய்தி சொல்லியிருக்கிறேன். இங்கே செருப்பைக் கழற்றுவதுபோல் குனிந்துகொண்டேன். கண் கலங்கிவிட்டது. அடுப்படிப் புகையில் அந்தப் பெண்கள் வியர்த்து நின்றதைப் பார்க்கப் பார்க்க, படகுக்குப் போனவர்கள் மேல் வந்த கோபமெல்லாம் போய், என் மேல் மட்டும் மிஞ்சியது.

பியூலாதான் முன்னால் வந்தாள். "வர மாட்டாங்க அக்கா. எங்க பக்கம் தப்பு நடந்துடுச்சு. நீங்க கஷ்டப்பட்டுச் சமைச்சது வீணாகக் கூடாது. உங்க தெருவுல எத்தனை வீடு?" என்று கேட்டு, துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டாள். யோகம் அக்கா சிரித்துவிட்டார். சிவராசா தெருவுக்குள் போய்க் குரல் கொடுத்தார். அரை மணி நேரத்தில் பாய் நிறைந்துவிட்டது. பியூலா சோறு போட, நான் கறி ஊற்ற, சாமுவேல் அப்பளத்தோடு சுற்றிச் சுற்றி வந்தார். எல்லாரும் எழுந்த பிறகு நாங்கள் மூவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்படி ஒரு நண்டுக் கறியை நான் அதற்கு முன்பும் சாப்பிட்டதில்லை, பின்பும் இல்லை.

"நீ ஒரு வார்த்தை கூட என்னைச் சொல்லலயே" என்றேன் பியூலாவிடம்.

"கப்பல்ல ஏறட்டும் அண்ணி. இங்க அந்நிய ஊரு" என்றாள்.

மூன்றரைக்கெல்லாம் கப்பலில் இருந்தோம். ஏறியதும் என்னை ஒரு மேசைக்கு அழைத்தார்கள். அதிகாரி மிகுந்த மரியாதையோடு, சென்னை போய்ச் சேரும்வரை அந்தக் கொடியைக் கப்பலில் ஒப்படைக்க முடியுமா என்று கேட்டார். கொடுத்தேன். விசிலை அவர் கேட்கவில்லை, நானாகவே கொடுத்துவிட்டேன். அன்று மாலை பியூலா பேச ஆரம்பித்தாள். மாமா, படகில் பார்த்த மீன்களைப் பற்றி நடுநடுவே சொல்லி அவளுக்கு மூச்சு வாங்க நேரம் கொடுத்தார்.

அவள் இன்னும் முடிக்கவில்லை. எங்கள் வீட்டில் நான் எழுந்து நின்றாலே, "அண்ணி கிளம்பிட்டாங்க, பின்னாடி யார் யாருன்னு பாத்துக்கோங்க" என்பாள். எந்த விசேஷத்திலும் இது நடக்கும். போன மாதம் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. நான் கை கழுவ இடம் தேடி எழுந்தேன். பியூலா கண் காட்ட, சாமுவேல், மாமா, தேவராஜ், அவள் என்று எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக என் பின்னால் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு நடந்து வந்தார்கள். நான் கண்டுகொள்ளாதது போல் மண்டபத்தின் பின்பக்கக் கதவு வரை போய், அங்கே வழியில்லை என்று தெரிந்து திரும்பினேன்.

வரிசையில் பியூலாவுக்குப் பின்னால் எனக்குத் தெரியாத எட்டு பேர் நின்றிருந்தார்கள். முன்னால் நின்ற பட்டுப்புடவைக்காரர் கேட்டார்.

"டைனிங் ஹால் இந்தப் பக்கம்தானே மேடம்?"