புனிதவதியின் யன்னல் பற்றிய முறைப்பாடு

லா சப்பல், பாரிஸ்
வியாழக்கிழமை

அன்புள்ள பெறாமகள் நிரோஜினிக்கு,

சித்தப்பா வாமதேவன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் சித்தியும் சுகம். அங்கே ஸ்தேனில் நீயும் அண்ணையும் அண்ணியும் நோய்நொடி இல்லாமல் இருக்க அம்மனை வேண்டுகிறேன். சுகம் விசாரித்தாயிற்று, இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ என் வயிற்றில் அடித்துவிட்டாய்.

பதினாறு வருஷமாக இந்த அச்சகத்தில் கலியாண அழைப்பிதழ், மரண அறிவித்தல், கோயில் நோட்டீஸ் எல்லாவற்றையும் தட்டியது நான் ஒருவன்தான். எழுத்துத் தட்டுகிற அந்தக் கறுப்புத் திரை எடிட்டரில் மௌஸ் வேலை செய்யாது, பட்டன் கிடையாது, ஒவ்வொன்றுக்கும் ஒரு விசையை மனப்பாடம் செய்ய வேண்டும், தமிழெழுத்துக் கொம்பு ஓரிடம் கால் ஓரிடமாகச் சிதறிக் கிடக்கும், அதை வாசிக்க என் ஒருவனால்தான் முடியும். ஒருமுறை முதலாளி தெரியாமல் அதற்குள்ளே போய், வெளியே வர வழி தெரியாமல், பொண்டி ஊரில் கலியாண வீட்டுப் பந்தியில் இருந்த என்னைப் போனில் கூப்பிட்டார். பாயசத்தை விட்டுவிட்டு ஓடினேன். அந்த மரியாதை எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

கண் கூசுகிறது, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கு என்றுதான் கொம்பியூட்டர் படித்த உன்னிடம் கேட்டேன். நீயோ அந்த எடிட்டருக்குத் திரையில் சொந்தமாக யன்னல், மெனு, மேலே வரிசையாகப் பட்டன்கள் என்று செய்துகொண்டு வந்து நின்றாய். "உள்ளுக்கை அதே எடிட்டர்தான் சித்தப்பா, முகம் மட்டும்தான் புதுசு" என்றாய். முதலில் புனிதவதியின் கொம்பியூட்டரில் போட்டுப் பார் என்று சொன்னது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். அட்டைக்கு லமினேஷன் போடுகிறவள்தானே, சிக்கித் திணறுவாள், போய்க் காப்பாற்றலாம் என்று நினைத்தேன். அவள் திணறவில்லை.

நேற்று எங்கள் பழைய வாடிக்கையாளர் மகேந்திரராசா அண்ணை இளைய மகளின் கலியாண அழைப்பிதழுக்கு வந்தார். வழக்கமாக எனக்கு வடை வாங்கிவந்து, அச்சடித்து முடியும்வரை வாய் திறக்காமல் இருக்கிற மனுசன், நேரே புனிதவதியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். திரையில் எழுத்தெல்லாம் முத்து முத்தாகத் தெரிகிறதே!

"பிள்ளை, என்ரை பேரைத் தம்பியின்ரை பேருக்கு மேலை தூக்கு."

அவள் மௌஸால் பிடித்து இழுத்தாள். "ஓம் அண்ணை, இஞ்சை பாருங்கோ, ஏறிட்டுது."

உடனே என் பக்கம் திரும்பினார். "வாமதேவன், மூத்தவளின்ரை கார்டிலை ஏன் என்னைக் கீழை போட்டனீர்?"

பதினாறு வருஷத்தில் ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி. வடைப் பை அப்படியே அவளிடம் போனது. எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், அதற்கு வேறு பெயர் வைக்கமாட்டேன். முதலாளிகூட இப்போது அவளை "மதாம்" என்கிறார். மூன்று கிழமையாக என் போன் அடிக்கவில்லை. ஒருதரம் அடித்தது, மல்லித்தூள் வாங்கிவரச் சொல்லிச் சித்தி.

ஆகவே அந்த யன்னலை உடனே கழற்று. முடியாவிட்டால் வெளியே வருகிற பட்டனையாவது எடுத்துவிடு. உள்ளே போகிறவள் தாராளமாகப் போகட்டும், வெளியே வர என்னைக் கூப்பிடட்டும்.

நீ நூறு வயதுவரை சீரும் சிறப்புமாக இருக்க வேண்டும். கெட்டித்தனத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அன்புச் சித்தப்பா
வாமதேவன்

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை வந்து என் கொம்பியூட்டரிலும் அதைப் போட்டுவிடு. புனிதவதியுடையதில் மேலே ஒன்பது பட்டன் இருக்கிறது, அவள் சாப்பிடப் போன நேரத்தில் எண்ணிப் பார்த்தேன். எனக்குப் பத்து வேண்டும். பத்தாவது ஒன்றும் செய்யாவிட்டாலும் பரவாயில்லை.