பூட்டு மிஸி சொல்லாத செய்தி

மன்னார்த் தீவில் ஒரு விஷயத்தை இரகசியமாக வைத்திருக்க முடியும் என்று காட்டிய ஒரே பிறவி பூட்டு மிஸிதான். மற்றவர்களுக்கு அது நடவாத காரியம். பேசாலையில் நீங்கள் தும்மினால் தலைமன்னாரில் உங்களுக்காக ஒருவர் கொத்தமல்லி அவித்துக்கொண்டிருப்பார். அப்படிப்பட்ட இடத்தில், மன்னார் பட்டணத்தில் ஒரு தனியார் கிளினிக்கின் பெரிய மிஸியாக இருந்துகொண்டு, யாருக்கு என்ன நோய், என்ன வருத்தம் என்று ஈ காக்கைக்கும் மூச்சு விடாமல் இருக்கிறார் அவர். எங்கள் பக்கத்தில் தாதியரை மிஸி என்போம். பூட்டு என்ற முன்னொட்டை ஊரே சேர்ந்து வைத்தது.

எல்லாம் கொழும்பில் நடந்த ஒரு பயிற்சி வகுப்பால் வந்த வினை. நோயாளியின் உரிமை, சட்டம், ஒழுக்கம் என்று ஏதோ படிப்பிக்கிறார்களாம், போய்விட்டு வாருங்கள் என்று டொக்டர்தான் அனுப்பிவைத்தார். மற்றவர்கள் இப்படியான வகுப்புகளுக்குப் போனால் ஒரு துணிப்பையும் சான்றிதழும் கொண்டு திரும்புவார்கள். மிஸி புதுச் சமயத்தில் சேர்ந்தவர்போலத் திரும்பினார்.

வந்த அன்றே காத்திருக்கும் கதிரைகள் எல்லாவற்றையும் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூடாதாம். சனம் அடக்கமாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு தோளுக்கு மேலால் கதைத்தது.

"பின்னால இருமுறது மேரியக்காவோ?"

"ஓம் பிள்ளை. எனக்குச் சுகர் கூடிப்போச்சு. உனக்கென்ன, மூலமோ?"

மிஸி தலையில் கை வைத்துக்கொண்டு நிற்பார்.

டொக்டரே அந்த வலையில் மாட்டினார். ஒருநாள் அவருடைய மனைவி வந்து, "டொக்டர் உள்ளுக்கு நிக்கிறாரோ?" என்று கேட்டிருக்கிறார். "உள்ளுக்கு ஆர் நிக்கினம் எண்டு நான் சொல்லேலாது," என்று பதில் வந்தது. அந்த அம்மா அதற்கு என்ன அர்த்தம் எடுத்தாரோ, அன்று டொக்டர் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை.

எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒருவர் படுத்துவிட்டார் என்றால் பாணும் பிஸ்கட்டும் செவ்விளநீரும் தூக்கிக்கொண்டு ஒழுங்கைச் சனம் முழுக்கக் கிளம்பிவிடும். சூசை மாமாவுக்கு நெஞ்சு நோவென்று கிளினிக்கில் படுக்கவைத்து மறித்தபோது ஒரு சிறிய லொறியில் ஆட்கள் வந்து இறங்கினார்கள்.

"மாமா எந்தக் கட்டில்ல, மிஸி?"

"அப்பிடி ஒருத்தர் இருக்கிறார் எண்டும் சொல்லேலாது. இல்லை எண்டும் சொல்லேலாது."

உள்ளே திரைக்குப் பின்னாலிருந்து சூசை மாமாவின் குரல் வந்தது. "அடேய், நான் இஞ்சதான் கிடக்கிறன்! வாங்கோடா!"

மிஸி அசையவில்லை. "அதைச் சொல்ல அவருக்கு உரிமை இருக்கு. எனக்கு இல்லை," என்றார்.

கோயில் மூப்பர் பட்ட பாடுதான் பெரிது. ஞாயிறு பூசையில் நோயாளிகளின் பெயரை வாசித்து மன்றாடுவதற்காக, சனிக்கிழமை தோறும் சைக்கிளில் கிளினிக்குக்கு வந்து பெயர் கேட்பது அவர் வழக்கம். பயிற்சி வகுப்புக்குப் பிறகு ஒரு பெயரும் கிடைக்கவில்லை.

"ஆண்டவரிட்டச் சொல்லத்தானே கேக்கிறன், பிள்ளை."

"ஆண்டவருக்கு ஏற்கெனவே தெரியும். லவுட் ஸ்பீக்கருக்குத்தான் தெரியாது. அதுக்கு நான் சொல்லமாட்டன்."

இதையெல்லாம் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. எனக்கும் ஒருநாள் அந்தக் கதிரை காத்திருந்தது. இதை எழுத எனக்கு உரிமை இருக்கிறது, மிஸிக்குத்தான் இல்லை.

நான் பேசாலையில் ஒரு நண்டுக் கம்பனியில் கணக்கு வேலை பார்க்கிறேன். வருடா வருடம் எங்கள் எல்லோரையும் கம்பனிச் செலவில் அந்தக் கிளினிக்குக்குத்தான் உடல் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அந்த முறை என் இடது மார்பில் ஒரு கட்டி இருப்பதை டொக்டர் கண்டுபிடித்தார். ஊசி குத்திக் கொஞ்சம் சதை எடுத்துக் கொழும்புக்கு அனுப்பிப் பார்க்கவேண்டும் என்றார். அப்பா இல்லாத வீடு. அம்மாவுக்கு இருதய வருத்தம். என் வேலை ஒப்பந்தமோ முடியும் தறுவாயில் இருந்தது. கட்டி என்ற சொல் வெளியே போனால் அது அன்றைக்கே புற்றுநோயாகும், அடுத்த நாள் நான் செத்துப்போன செய்தி அடம்பன் சந்தைக்குப் போய்விடும்.

ஊசி குத்தும் நாள், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் ஒரு குரல். எங்கள் மனேஜர்! சால்வையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரோடு சுவராகிவிட்டேன்.

"எங்கட ஆக்களில ஆருக்கோ ஏதோ ஆமே? கொழும்புக்கு அனுப்பப் போறீங்களாம்?"

"உங்கட ஆக்கள் எல்லாரும் வேலை செய்யலாம். அவ்வளவுதான் நான் உங்களுக்குச் சொல்லலாம்."

"மிஸி, காசு குடுக்கிறது நாங்கள்."

"மத்தியானச் சாப்பாட்டுக்கும் நீங்கள்தான் காசு குடுக்கிறீங்கள். அதுக்காக அவையின்ர வயித்துக்குள்ள எட்டிப் பாப்பீங்களோ?"

"சரி, வாயால சொல்லவேண்டாம். நான் பேரைச் சொல்லுறன், தலையை மட்டும் ஆட்டுங்கோ."

மனேஜர் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு போனார். என் பெயரும் வந்தது. நான் மாதாவை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு அங்கே நின்ற ஒருவர் சொன்னார், மிஸியின் மூக்கில் ஒரு நுளம்பு உட்கார்ந்து வயிறு முட்டக் குடித்துவிட்டுப் போனதாம், அதற்குக்கூட அவர் தலையை அசைக்கவில்லையாம். மனேஜர் சலித்துப்போய் எழும்பிப் போனார். நோயாளி யாரென்று தெரியாததால், வேறு வழியில்லாமல் அந்த வாரமே என் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார். உயிர் பாதி வந்தது. மீதிப் பாதி கொழும்பில் இருந்தது.

கொழும்பிலிருந்து முடிவு வரும் நாளில் கிளினிக்குக்குப் போன் எடுத்தேன்.

"மிஸி, நான் ஜெனிற்றா. ரிப்போட் வந்திட்டுதோ?"

"எந்த ஜெனிற்றா?"

"உங்கட வீட்டுக்கு ரெண்டு வேலி தள்ளி இருக்கிற ஜெனிற்றா! நேற்றுக் கணவாய்க் கறி கொண்டுவந்து தந்தனான்."

"கறி தந்தது ஜெனிற்றாதான். இப்ப போனில கதைக்கிறதும் அவாதான் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? அடையாள அட்டையோட நேர வாங்கோ."

"நல்லதோ, கூடாததோ, அதை மட்டும்..."

"வாங்கோ."

பஸ்ஸில் வழி நெடுக அந்த 'வாங்கோ'வை ஆராய்ந்தேன். இழுத்துச் சொன்னாரா, வெட்டிச் சொன்னாரா? நல்ல செய்திக்கு அப்படிச் சொல்வார்களா? எருக்கலம்பிட்டிச் சந்தி வருவதற்குள் என் செத்தவீட்டுக்கு யார் யார் வருவார்கள் என்றுகூட யோசித்துவிட்டேன். அம்மாவை யார் பார்ப்பார்கள் என்ற இடத்தில் யோசனை நின்றுவிட்டது.

மிஸியின் அறைக்குள் போய்க் கைப்பையைத் திறந்தால், அடையாள அட்டை இல்லை. பதற்றத்தில் வேறு பையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

"அட்டை இல்லாமல் ஏலாது," என்றார் மிஸி.

"மிஸி, என்ர ஞானஸ்நான வீட்டில என்னைத் தூக்கி வைச்சிருந்ததே நீங்கள்தானே! சண்டைக் காலத்துச் சென்றியில ஆமிக்காரன் கூட இவ்வளவு கேக்கேல்ல, மிஸி!" என்று சொல்லத் தொடங்கியவள் முடிக்கமாட்டாமல் நிலத்தில் குந்திவிட்டேன். அழக்கூட முடியவில்லை.

மிஸி எழும்பிக் கதவைச் சாத்தினார். எனக்குப் பக்கத்தில் தானும் குந்தி, காதோடு காதாகச் சொன்னார். "பிள்ளை, புற்றுநோய் இல்லை. சும்மாக் கட்டி. அம்மாவாணை ஒண்டுமில்லை."

பிறகு எழும்பி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கதிரையில் போய் உட்கார்ந்தார். "நான் இப்ப ஒண்டும் சொல்லேல்லை. போய் அட்டையை எடுத்துக்கொண்டு வாங்கோ."

போனேன். அதைப்போலச் சந்தோஷமான பஸ் பயணம் என் வாழ்க்கையில் இல்லை. கொண்டக்டர் மிச்சக் காசு தராததற்குக்கூட நன்றி சொன்னேன். வீட்டில் அம்மா, "என்னத்துக்கடி தனியச் சிரிக்கிறாய்?" என்றார். "அடையாள அட்டைப் படத்தைப் பாத்தனான், அம்மா," என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

மிஸி அட்டையை வாங்கி, படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். முழுப்பெயர் கேட்டார், பிறந்த திகதி கேட்டார், விலாசம் கேட்டார். தன் விலாசத்துக்கு இரண்டு வேலி தள்ளிய விலாசத்தை நான் பவ்வியமாகச் சொன்னேன். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் தடவையாகச் சொல்வதுபோல முடிவை வாசித்தார். நானும் அவர் மனம் கோணாமல் முதல் தடவையாகக் கேட்பதுபோல, "உண்மையாவோ, மிஸி!" என்று நெஞ்சில் கை வைத்தேன். நடிக்கத்தான் நினைத்தேன். அந்த இடத்தில்தான், அதுவரை வராத அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது.

"வெளியில போகேக்க முகத்தைத் துடைச்சுக்கொண்டு போங்கோ. ஆக்கள் கேப்பினம்," என்றார் மிஸி. சொல்லும்போதே அவருடைய கண்ணாடிக்குக் கீழால் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

என் சால்வைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டுத்தான் நான் வெளியே வந்தேன்.