சிவப்பு விளக்கும் என் முழங்காலும்

நிச்சயதார்த்தம் முடிந்து கல்யாணம் இன்னும் ஆகாத ஆண்பிள்ளைக்கு 'தெரியாது' என்ற சொல் மட்டும் வாயில் வராது. எனக்கும் வரவில்லை.

அறுபதுகளின் நடுவில் நான் ராயகிரிப் பக்கம் ரோட்டு ஓவர்சியர். எனக்குத் தெரிந்ததெல்லாம் சிறு பாலம் கட்டுவதும் சரளை அளப்பதும்தான். ஆனால் தென்காசியில் பெண் வீட்டார் 'இன்ஜினீயர் மாப்பிள்ளை' என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்கள். (நானும் திருத்தவில்லை. கசக்குமா என்ன?) ஆவணியில் கல்யாணம். ஆனியில் சாரல் விழுந்ததும், குற்றாலத்தில் குளிக்க வரச் சொல்லி வருங்கால மாமனார் ஆள் அனுப்பினார்.

மாமனார் மரக் காண்டிராக்டர். பட்டாளத்தில் கழித்துவிட்ட ஜீப் ஒன்றை மலைப்பாதைக்கென்று ஏலத்தில் எடுத்திருந்தார். சேற்றில் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்க வேண்டுமென்றால் இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கும் குட்டைக் கம்பியை இழுக்க வேண்டும். இழுத்தால் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். எந்தப் பட்டாளத்து மெக்கானிக் ஆசைப்பட்டு வைத்த விளக்கோ, அவர் நன்றாக இருக்கட்டும்.

முன் சீட்டு எனக்கு. மாமனாரும் பெண்ணின் பெரியப்பாவும் பின்னால். மாப்பிள்ளை ஒடுங்கி உட்காரலாமா? காலை நன்றாக அகட்டி, தாசில்தார் மாதிரி உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியது. சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஏலே இசக்கி, தார் ரோட்டுல எதுக்கு நாலு சக்கரத்தைப் போட்டே? டயரு தேஞ்சிரும்லா?" என்றார் மாமனார்.

"போடலியே மொதலாளி. கம்பி அதுபாட்டுக்குக் கெடக்கு. லைட்டு மட்டும் எரியுது," என்றான் டிரைவர் இசக்கி.

"மாப்ள இருக்காகள்லா, பாப்பாக," என்றார் பெரியப்பா.

இறங்கினேன். பானெட்டைத் திறந்தேன். உள்ளே எனக்கு அடையாளம் தெரிந்தது பாட்டரி ஒன்றுதான். கையில் அகப்பட்ட ஒயரை ஆட்டிவிட்டு, "லூஸ் கான்டாக்ட்" என்றேன்.

"அணைஞ்சிட்டு!" என்று உள்ளேயிருந்து கத்தினான் இசக்கி. பெரியப்பா பூரித்துப்போனார். நானும் பூரித்துப்போய் ஏறி உட்கார்ந்தேன். எரிந்தது.

மேலகரத்தில் ஒரு தடவை இறங்கினேன், குற்றாலத்துக்குள் நுழைந்ததும் இன்னொரு தடவை. இறங்கினால் அணையும், ஏறினால் எரியும். ஐந்தருவி வந்தபோது எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. "ஒயரிங்கே தப்பு" என்று டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு, ஒரு ஒயரைப் பிடுங்கி இன்னொன்றோடு முறுக்கினேன். ஹாரன் அலறத் தொடங்கியது.

நிற்கவே இல்லை. அருவியில் நின்றவர்கள் தலையில் எண்ணெயும் இடுப்பில் ஈரத்துண்டுமாக ஓடி வந்தார்கள். ஒரு பழக்கடைக்காரர் மங்குஸ்தான் கூடையைக் குரங்குகளை நம்பி விட்டுவிட்டு வந்து பார்த்தார். கடைசியில் இசக்கி பாட்டரி ஒயரைக் கழற்றி ஹாரனின் வாயை அடைத்தான். நான் முறுக்கியதைப் பிரித்த பிறகுதான் வண்டி கிளம்பியது. சிவப்பு விளக்குக்கு ஒரு குறைவும் வரவில்லை.

பெரியப்பா குளிக்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் அந்த விளக்கையே எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் வண்டி நின்றதும் எல்லோரையும் இறங்கச் சொன்னார். மாமனாரை முன் சீட்டில் உட்கார வைத்தார். எரியவில்லை. தானே ஏறிப் பார்த்தார். எரியவில்லை.

"மாப்ள, நீங்க ஏறுங்க."

ஏறினேன். எரிந்தது. அதற்குள் பாதித் தெரு கூடிவிட்டது.

பெரியப்பா தம்பியைத் தனியே அழைத்துப் போனார். (தனியே என்றால் நாலடி தள்ளி.) "ஏலே, செவப்பு லைட்டு. இவுக உக்காந்தா மட்டும் எரியுது. தெய்வம் என்னமோ சொல்லுதுலே. சாதகத்தை இன்னொருக்கா பாத்திருவோம். அதுவரைக்கும் கல்யாணத்தை நிப்பாட்டி வை."

பத்திரிகை அச்சுக்குப் போயாயிற்று. கோமதியை நான் பார்த்தது ஒரே தடவை, அதுவும் பஜ்ஜித் தட்டுக்கு மேலாக. ஆனாலும் எனக்கு அவளைப் பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது. அவளை ஒரு பல்பு கொண்டுபோகப் போகிறதே என்று ஜீப்பில் உட்கார்ந்தபடியே விழித்தேன். மாமனார் அண்ணனை எதிர்த்துப் பேசத் தெரியாமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது வீட்டு ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. கோமதி.

"பெரியப்பா, அவுகளைக் காலை மடக்கி உக்காரச் சொல்லுங்க. முட்டி அந்தக் கம்பியில இடிக்குது."

மடக்கினேன். அணைந்தது. அகட்டினேன். எரிந்தது. கம்பி தேய்ந்து ஆட்டம் கண்டிருந்தது. என் முழங்கால் பட்டதும் விளக்கின் சுவிட்சைத் தொடுகிற அளவுக்கு மட்டும் நகர்ந்திருக்கிறது. சக்கரம் வரை போகவில்லை. பெண் வீட்டில் எல்லோரும் குள்ளம், நான் பனைமரம். மாப்பிள்ளையைப் பார்த்துக் காலை மடக்கு என்று எந்த வீட்டில் சொல்வார்கள்? அதனால் யார் கண்ணும் அந்தப் பக்கமே போகவில்லை.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை அழைப்பும் அதே ஜீப்பில்தான். தெருவே என் முகத்தை விட்டுவிட்டு முழங்காலைப் பார்த்தது.

இன்றும் எங்கள் வீட்டில் மிக்ஸி ஓடவில்லை என்றாலும், டி.வி. தெரியவில்லை என்றாலும், "அப்பா, மொதல்ல காலை மடக்குங்க" என்பார்கள். போன வாரம் மகனின் புதுக் காரில் முன் சீட்டில் போனேன். டாஷ்போர்டில் ஏதோ விளக்கு எரிந்தது. மகன் குனிந்து பார்ப்பதற்குள் பின் சீட்டிலிருந்து கோமதி, "காலை மடக்குங்க" என்றாள்.

மடக்கினேன். அணையவில்லை.

"இன்னுங் கொஞ்சம்," என்றாள்.