அக்கரப்பத்தனையில் கடல்

புற்றுநோய்க்கு மருந்து அக்கரப்பத்தனையில்தான் கண்டுபிடிக்கப்படும் என்று தேயிலைத் தோட்டப் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியர் இக்னேசியஸ் அறிவித்தபோது, கடல் அங்கிருந்து ஆறாயிரம் அடி கீழே இருந்தது. அதை அவர் ஒரு தடையாகக் கருதவில்லை. நீர்கொழும்புக் கடற்சேற்றை ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் மேலே கொண்டுவந்திருந்தார்.

"இந்தச் சேத்துல இருக்கிற கிருமி ஒரு நஞ்சக் கக்கும். பக்கத்துல வேற எதையும் வளரவிடாது. அதுலதான் மருந்து தேடுறாங்க," என்று மனைவி தெரேசாவிடம் விளக்கினார்.

"சேறு நோயத் தீர்க்குமாங்க?"

"இது விஞ்ஞானம்."

"அப்ப என் மடு மண்ணு?"

மடு மாதா கோயிலிலிருந்து கொண்டுவந்த மண். அதுவும் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில்தான், மாதா படத்துக்குக் கீழே இருந்தது. தோட்டத்து லய வீடுகளில் யார் நோயில் படுத்தாலும் தெரேசா ஒரு சிட்டிகை கரைத்துக் கொடுப்பாள்.

"அது மூடநம்பிக்கை. மண்ணத் தின்னா நோய் போகும்னா மண்புழுவுக்குச் சாவே வரக்கூடாது."

ஞாயிறன்று பேராதனைப் பல்கலைக்கழக விரிவுரையாளர் அமிர்தநாதன் சேற்றை வாங்க வருவதாக இருந்தது. உருப்படியான கிருமி கிடைத்தால் இக்னேசியஸ் மாஸ்டருக்கு ஆய்வுகூடத்தில் உதவியாளர் வேலை. வருடா வருடம் அதே தவளையைக் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தவருக்கு அது மோட்சம்.

குளிரில் கிருமி செத்துவிடுமோ என்று போத்தலை அடுப்புக்கு மேலுள்ள பலகையில் வைத்தார். சேறு காய்ந்து பழுப்புத் தூளானது. தண்ணீர் ஊற்றினார், நாறியது. மூடியைக் கழற்றி வைத்தார், மறுபடி காய்ந்தது.

"கிருமி உறங்குது," என்று அறிவித்தார்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, அடுத்த வீட்டு டோரீன் கழுவிப் பளபளத்த போத்தலோடு வாசலில் நின்றாள்.

"லயமே காய்ச்சல்ல கிடந்துச்சி மாஸ்டர். தெரேசா அக்கா ஹட்டனுக்குப் போறப்பவே சொன்னாங்க, மண்ணு அடுப்புக்கு மேல இருக்கு, எடுத்துக்கன்னு. வீட்டுக்கு வீடு குடுத்துட்டேன்."

"முழுசுமா?"

"எல்லாரும் குடிச்சிட்டாங்க. காய்ச்சலும் விட்டுருச்சி."

மாஸ்டருக்கு வயிறு முறுக்க ஆரம்பித்தது. கிருமி போனதற்காகவா, லயத்துக்குள் போனதற்காகவா என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நீர்கொழும்புக்குப் போய்வர நேரமில்லை. மாதா படத்துக்குக் கீழிருந்த போத்தலில் பாதியைத் தன் போத்தலுக்கு மாற்றி, கடல் என்று தோன்றுவதற்காக ஒரு கை உப்பும் போட்டார். மாதாவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஞாயிறன்று விரிவுரையாளர் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

சில வாரங்கள் கழித்து அவரே திரும்பி வந்தார்.

"அருமையான கிருமி மாஸ்டர். ஆய்வுகூடத் தட்டுல சுத்திவர வேற கிருமி ஒண்ணையும் வளரவிடல. புற்றணுவுல இனித்தான் பார்க்கணும். நீங்க அடுத்த மாசம் வந்து சேர்ந்துடுங்க. அது சரி, நீர்கொழும்புல எந்த இடத்துல எடுத்தீங்க?"

"கரையிலருந்து கொஞ்சம் உள்ளுக்குத்தான் சேர்."

அவர் போனதும் வயிறு ஒரேயடியாக முறுக்கியது. தெரேசா கொல்லைப்பக்கம் இருப்பதை எட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்டார். மாதா படத்தடிப் போத்தலைத் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் கரைத்தார். நெற்றியில் சிலுவை போட்டார். குடித்தார். வயிறு லேசானது போலத்தான் இருந்தது.

"என்னங்க குடிக்கிறீங்க?" தெரேசா கதவடியில் நின்றாள்.

"வயித்து வலி. உன் மடு மண்ணு கொஞ்சம்..."

"மடு மண்ணத்தான் அன்னைக்கே டோரீன் லயத்துக்குக் குடுத்துட்டாளே. உங்க போத்தல் மூடி இல்லாம அடுப்படியில கிடந்துச்சி, எலி விழுந்துருமேன்னு ஹட்டனுக்குப் போறதுக்கு முன்னாடியே மூடியப் போட்டு ரெண்டையும் இடம் மாத்தி வச்சேன். நீங்க குடிச்சது உங்க விஞ்ஞானம்."