வட்டவாய்ப் பூச்சி ஒழிந்த வரலாறு

கத்தரிக்காரர் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். அவர் வயலில் செடிகள் நன்றாக இருந்தன.

விதைக்காகவே கத்தரி வளர்ப்பவர் என்பதால் ஊரில் அவருக்கு அந்தப் பெயர். மருந்தே அடிக்காமலிருக்க மனுஷன் தலைகீழாக நின்றிருந்தார். போன முறை கத்தரி போட்ட இடத்தை விட்டு, வேறு நிலத்தில் காற்றோட இடைவெளி விட்டு நட்டார். வரப்போரம் செண்டுமல்லி வைத்தார். வாடிய குருத்தைக் கண்டால் உடனே கிள்ளிப் புதைத்தார். மிச்சமிருந்த அசுவினிப் பூச்சிகளைப் பொறிவண்டுகள் வந்து தின்று தீர்த்தன. காய்கள் செடியிலேயே மஞ்சளாகப் பழுத்துத் தொங்கின. இனி விதை ஆய்வாளர் வந்து 'நச்சற்ற விதை' என்று சான்று கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. கொடுக்காவிட்டால் அத்தனையும் குப்பைக்குழிக்குத்தான். பழுத்த கத்தரியை மாடுகூட மதிக்காது.

ஆய்வாளர் பூதக்கண்ணாடியோடு வந்தார். இலை இலையாகப் புரட்டினார். முகம் சுருங்கியது.

"ஒரு ஓட்டைகூட இல்லையே?"

"ஆமா சார்!" கத்தரிக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை.

"அப்போ மருந்து அடிச்சிருக்கீங்க."

"ஐயோ, இல்லவே இல்ல சார்."

"அடிக்கலேன்னா பூச்சி தின்னிருக்குமே? விட்டுக்கொடுக்க, பூச்சி என்ன உங்க மச்சானா?"

"சந்தேகம்னா இலையைப் பரிசோதனைக்கு அனுப்புங்க சார்."

"மருந்து அடிச்ச இலையைத்தான் பரிசோதனைக்கு அனுப்ப முடியும். நீங்கதான் அடிக்கலேங்கறீங்களே."

ஓட்டையற்ற இலையானது நச்சுப் பயன்பாட்டின் முதனிலைச் சான்றாகக் கருதப்படும் என்பது விதி. நகரத்திலும் அப்போது ஓட்டைக்குத்தான் மவுசு. ஆய்வாளர் வீட்டு அம்மாவே பூச்சி கடித்த கீரையைத் தேடிப்பிடித்துக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறவர். நாளை மறுநாள் வருவேன், அதற்குள் இயற்கையைக் கொஞ்சம் அனுமதியுங்கள் என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் கிளம்பினார்.

இயற்கை சொன்ன நேரத்துக்கு வருமா? கத்தரிக்காரரின் மனைவி பள்ளி அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். மறுநாள் மாலை அங்கிருந்து காகிதத்தில் ஓட்டை போடும் பஞ்சிங் மெஷினைக் கொண்டுவந்தார். பிள்ளைபோல வளர்த்த செடிகளின் இலைகளை இருவரும் வரிசையாகக் குத்தித் தள்ளினார்கள். ஒவ்வொரு 'க்ளக்'குக்கும் கத்தரிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆய்வாளர் வந்தார், பார்த்தார், அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"சுத்தமான வட்டம்! அதுவும் ஜோடி ஜோடியா! எல்லா ஜோடிக்கும் நடுவுல ஒரே இடைவெளி! இந்த மாதிரிப் பூச்சியை நான் பார்த்ததே இல்லை!"

கத்தரிக்காரர் பதறிப்போய், "சார், அது வந்து, நாங்கதான்..." என்று ஆரம்பித்தார். மனைவி அவர் இடுப்பில் கிள்ளினார்.

"நீங்க என்ன பண்ணுவீங்க பாவம், பூச்சி சொல்லிட்டா வருது?" என்றார் ஆய்வாளர்.

அன்றே இரண்டு தாள்கள் கிடைத்தன. ஓட்டை இருப்பதால் பயிர் நச்சற்றது என்று சான்று. பூச்சி இருப்பதால் உடனே மருந்தடிக்க வேண்டும் என்று உத்தரவு. இரண்டிலும் கையெழுத்து ஒருவருடையதே. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்களே, அது இதுதான்.

ஆய்வாளர் பெயரிட்ட 'இரட்டை வட்டவாய்ப் பூச்சி'க்கு எதிராக வட்டாரம் முழுக்க மருந்து தெளித்தார்கள். பஞ்சிங் மெஷின் பள்ளிக்குத் திரும்பிப் போனது. அதன்பின் புதிதாக ஓர் ஓட்டையும் விழவில்லை. மருந்து மகத்தான வெற்றி என்று அறிவித்து, ஆய்வாளருக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள்.

அடுத்த பருவம் நட்டதுமே, கத்தரிக்காரர் முதுகில் தெளிப்பானை மாட்டிக்கொண்டு புறப்பட்டார்.

மனைவி வழிமறித்தார். "என்னங்க, உங்களுக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? அந்தப் பூச்சியே நாமதானே?"

"எனக்குத் தெரியாதாம்மா? ஆனா ஊரே அடிக்குது. நாம மட்டும் சும்மா இருந்து, நிஜமாவே வந்துடுச்சுன்னா?"

மனைவி வழியை விட்டு விலகினார். பிறகு, "அந்தக் கிழக்கு மூலையையும் விட்டுடாதீங்க" என்றார்.

அந்தப் பருவத்தில் ஒரு பொறிவண்டுகூட வரவில்லை. வட்டவாய்ப் பூச்சியும் வரவில்லை. மருந்துக்குத்தான் என்ன சக்தி என்று எல்லோரும் வியந்தார்கள், கத்தரிக்காரர் உட்பட.