நடுவில் நின்ற கப்பல்

புனேயில் கடல் கிடையாது. ஆறு உண்டு, கடக்வாஸ்லா போனால் அணை உண்டு, மழைக்காலத்தில் எங்கள் தெருவிலேயே முழங்கால் அளவு தண்ணீர் உண்டு. ஆனாலும் வானவடியில் நாங்கள் குடியிருக்கிற அடுக்குமாடி சொசைட்டியில் பல வருஷம் ஒரு கப்பல் நின்றுகொண்டிருந்தது. உலகத்தில் எந்த இரண்டு பேர் எதற்குச் சண்டை போட்டாலும் நடுவில் போய் நிற்காமல் இருக்க முடியாத ஒரே மனிதர் அவர்தான் என்று நான் எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. வாசல் பெயர்ப்பலகையில் கூட எழுதியிருந்தது. யாரும் அதைச் சொன்னதில்லை. தபால்காரரே "கப்பல் சாப் கா கர் கிதர்?" என்றுதான், கப்பல் சார் வீடு எங்கே என்று விசாரிப்பார். ராணுவக் கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மகாராஷ்டிராவில் முப்பது வருஷம் கழித்தும் அவருடைய திருநெல்வேலித் தமிழில் ஒரு சொட்டு இந்தி கலக்கவில்லை. அவர் இந்தியில்தான் திருநெல்வேலி நிறையக் கலந்திருந்தது.

கப்பல் என்ற பெயர் வளைகுடாப் போரின்போது வந்தது. நான் பேங்க்கில் மாற்றலாகி, மனைவி கமலாவோடு கோயமுத்தூரிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்த சமயம். சொசைட்டி ஆபீஸில் இருந்த டி.வி.யில் செய்தி ஓடும். எல்லோரும் குண்டு எங்கே விழுந்தது, எத்தனை பேர் போனார்கள் என்று கவலையோடு பார்ப்போம். இவர் மட்டும் பின்னாலிருந்து கேட்பார்.

"கப்பல் எங்க நிக்கி?"

"எந்தக் கப்பல், சார்?"

"வல்லரசுக் கப்பல்தான் வே. சண்டை போடுதவனப் பாக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரன் ரெண்டு பேரு அடிச்சிக்கிடுதான்னா அது அவம் பாடு. பத்தாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் இருக்கவன் எதுக்குக் கப்பல ஏவுதான்? அதப் பாக்கணும்."

"அநியாயத்தைத் தட்டிக் கேட்கத்தான், சார்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பேங்க்கில் இவனை எப்படிச் சேர்த்தார்கள் என்கிற பார்வை.

"நியாயம்ங்கறது கப்பல் உச்சியில கெட்டுத கொடி. சரக்கு கீழ இருக்கும். வல்லரசு தலையிடுததுக்கு மூணு காரணம் வே. ஒண்ணு, அங்க எண்ணெய் இருக்கும், இல்ல வேற என்னவோ அவனுக்கு வேண்டியது இருக்கும். ரெண்டு, நாம போகலைன்னா இன்னொரு வல்லரசு போயிருவானேங்கிற பயம். மூணு..."

மூன்றாவது காரணத்தைச் சொல்ல ஆரம்பிக்கும்போதெல்லாம் அவருக்குத் தொண்டை வறண்டுவிடும். எங்கள் வீட்டுக்கு வந்து கமலாவிடம் "தாயி, ஒரு காப்பி" என்பார். காபி குடித்து முடித்ததும் வேறு நாட்டுக்குப் போய்விடுவார். அத்தனை வருஷத்தில் மூன்றாவது காரணத்தை நான் கேட்டதே இல்லை.

இந்தக் கொள்கையை அவர் டி.வி.யோடு நிறுத்திக்கொண்டிருந்தால் ஊருக்கு நல்லது. ஆனால் சொசைட்டியில் சண்டைக்குப் பஞ்சமில்லை. கீழ்த்தளத்து அம்மாள் காயவைத்த அப்பளத்தின் மேல் முதல் மாடிப் பூந்தொட்டித் தண்ணீர் சொட்டினால் சண்டை. பஜாஜ் ஸ்கூட்டரை எவன் தள்ளி வைத்தான் என்று சண்டை. கோடையில் தண்ணீர் மோட்டார் எந்த விங்குக்கு முதலில் என்று சண்டை. எது ஆரம்பித்தாலும் கால் மணி நேரத்தில் இவர் பனியனை மாட்டிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கிவிடுவார்.

தீர்த்தும் வைப்பார், அதைச் சொல்லியாக வேண்டும். ஸ்கூட்டர் சண்டையில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தார். இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் அவன், நடுவில் இரண்டடி யாருக்கும் கிடையாது என்று தீர்ப்பு. மறுநாள் பார்த்தால் அந்த இரண்டடியில் அவருடைய சைக்கிள் நிற்கிறது. "கோட்ட எவனும் அழிச்சிரக்கூடாதுல்லா. காவலுக்கு நிக்கட்டும்" என்றார். அந்த சைக்கிளை அப்புறம் எவராலும் நகர்த்த முடியவில்லை.

மோட்டார் சண்டையில் சமாதானம் ஆனபோது பம்ப் ரூம் சாவி அவர் இடுப்புக்குப் போனது. அதுவும் திரும்பவில்லை. "வல்லரசு வெறுங்கையோட திரும்ப மாட்டான். ஒரு தளம் போட்டுட்டுத்தான் போவான்" என்று அவரே சொல்லியிருக்கிறார். சிரித்துக்கொண்டே சொல்வார். திட்டவும் முடியாது.

இப்போது எங்கள் வீட்டுச் சண்டைக்கு வருகிறேன்.

மூன்றாம் மாடியில் எங்களுக்கு எதிர்வீடு ஜக்தாப். ஆகுர்டியில் வண்டி செய்கிற தொழிற்சாலையில் வேலை, விடியும் முன் கம்பெனி பஸ் பிடிக்கிற மனிதர். அவர் மனைவியை நாங்கள் வஹினி என்போம். மராத்தியில் அண்ணி. கூப்பிடுவதற்காக மட்டும் அண்ணி இல்லை. கமலா ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், மாலைதான் வருவாள். எங்கள் பெண் வித்யாவுக்கு மதியமே பள்ளி விட்டுவிடும். அவள் நேரே வஹினி வீட்டுக்குப் போய் வரண்பாத் என்கிற பருப்புச் சோறு சாப்பிட்டு, அங்கேயே தூங்கி எழுவாள். தமிழைவிட மராத்தியில்தான் அவள் நன்றாக அழுவாள். வஹினி இல்லையென்றால் கமலாவுக்கு வேலை இல்லை. எங்கள் குடித்தனம் அந்த எதிர்க்கதவில்தான் நின்றது.

ஒரு வருஷம் போகிக்கு முதல் நாள் ஜக்தாப் ஒரு பிரம்பு நாற்காலியை இரண்டு வாசலுக்கும் நடுவில், எங்கள் கதவோரமாக வைத்திருந்தார். அவருடைய அப்பா கடைசிவரை உட்கார்ந்திருந்த நாற்காலி. பிரம்பு அறுந்துபோய், பின்னித் தருகிற ஆள் வருவதாகச் சொல்லியிருந்தான்.

மராத்திக்காரர்களுக்கும் போகி உண்டு. ஆனால் அவர்களுக்கு அது சாப்பாட்டுப் பண்டிகை. எள்ளு போட்ட பாக்ரி என்கிற கம்பு ரொட்டியும், எல்லாக் காயும் சேர்த்த ஒரு கூட்டும் செய்வார்கள். எதையும் எரிக்க மாட்டார்கள். எரிப்பது நாங்கள்தான். சொசைட்டியில் இருந்த மூன்று தமிழ்க் குடும்பமும் பழைய பாய், துடைப்பம், அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் முதல் நாளே வாசலில் வைத்துவிடும். விடிகாலைக் குளிரில் காம்பவுண்டு மூலையில் தீ மூட்டுவோம். நான் மப்ளர் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனபோது எல்லா வாசல் சாமானும் ஏற்கெனவே போய் விழுந்து, தீ ஆளுயரம் எரிந்துகொண்டிருந்தது. குளிர் காய்ந்துவிட்டு வந்து பொங்கல் வேலையைப் பார்த்தோம்.

காலை ஏழு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. ஜக்தாப்புக்கு அன்று வாராந்திர விடுமுறை.

"ஆம்ச்சி குர்ச்சி குடே?" என்றார். எங்கள் நாற்காலி எங்கே என்று கேட்கிறார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வஹினிதான் கீழே போய்ச் சாம்பலைக் கிளறி, கருகிய ஒரு நாற்காலிக் காலை எடுத்துவந்து எங்கள் வாசலில் வைத்தாள்.  உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் எரிக்கவில்லை என்று தலையில் அடித்துச் சொன்னேன். யார் நம்புவார்கள்? நாற்காலி இருந்தது என் கதவோரம். எரிக்கிற ஜாதி நான். அன்று மதியம் பள்ளிவிட்டு வந்த வித்யா, வழக்கம்போல எதிர்க்கதவைத் தட்டியிருக்கிறாள். திறக்கவில்லை. என் மனைவி வந்து பார்க்கும்போது குழந்தை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தது. 

கமலா லீவு போட்டாள். மறுநாள் காலை கப்பல் வந்து சேர்ந்தது.

"நடந்தது நடந்துபோச்சி வே. நான் பேசுதேன்" என்றார்.

எங்கள் இரண்டு வாசலுக்கும் நடுவில் நாலடி. அதில் அவர் தூது நடந்தார். எங்கள் வீட்டில் சொன்னதை அங்கே போய்ச் சொல்வார், அங்கே சொன்னதை இங்கே வந்து சொல்வார். கதவு திறந்துதான் இருக்கும். அவர் வந்து சொல்வதற்கு முன்னால் நாங்களே கேட்டுவிடுவோம். ஆனாலும் முறை முறைதான் என்று முதலிலிருந்து சொல்வார்.

"அவரு என்ன சொல்லுதாருன்னா, நீரு எரிச்சதா ஒத்துக்கிட்டாப் போதுமாம்."

"நான் எரிக்கலை, சார்."

"அதச் சொன்னேன். அப்ப எவன் எரிச்சாம்னு கேக்காரு."

"எனக்கெப்படித் தெரியும்?"

"அதான. உமக்கெப்படித் தெரியும்" என்று சொல்லிவிட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டு திரும்பப் போவார்.

ஒரு வாரம் இப்படியே போனது. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "சார், நீங்கள்தானே சொல்வீர்கள், சரக்கு இல்லாமல் கப்பல் வராதென்று. எங்கள் சண்டையில் உங்களுக்கு என்ன எண்ணெய் கிடைக்கப்போகிறது?" என்று கேட்டேன்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

"ஏனுங்க, கவனிச்சீங்களா?" என்றாள் கமலா. "இந்த ஒரு வாரமா அந்த மனுசன் நம்ம வீட்ல ஒரு வாய் காபி கேக்கலீங்க."

நான் கவனிக்கவில்லை. கவலையில் இருந்தேன். திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் மறுபடி வந்தபோது கமலாவே சொல்லிவிட்டாள்.

"விடுங்க சார். நீங்க அலைய வேண்டாம். நான் வேலையை விட்டுடறேனுங்க. பிள்ளையைப் படிக்கட்டுல உக்கார வெச்சிட்டு எனக்கு வேலை எதுக்குங்க?"

 அவளுக்கு அந்த வேலை எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும்.  கப்பல் எழுந்து போய் ஜக்தாப் கதவைத் தட்டினார். ஜக்தாப், வஹினி, நான், கமலா நாலு பேரும் வாசலில் நின்றோம். அவர் நடுவில்.

"மைனே ஜலாயா" என்றார். நான்தான் எரித்தேன். ஜக்தாப்புக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று அதை மூன்று தடவை சொன்னார், ஒவ்வொரு தடவையும் குரல் குறைந்துகொண்டே வந்தது.

நடந்தது இதுதான். போகியன்று இருட்டோடு எழுந்து, எல்லா மாடியிலும் வாசலில் இருந்த பழைய சாமானை அவர்தான் கீழே சுமந்திருக்கிறார். எங்கள் கதவோரம் கிழிந்த நாற்காலி. போகிக்கு முதல் நாள் தமிழன் வாசலில் பழைய நாற்காலி இருந்தால் அது எதற்கு? யோசிக்கவே இல்லை, தூக்கிப் போட்டுவிட்டார்.

"இத முதல் நாளே சொல்லியிருக்கலாமே, சார்" என்றேன். எனக்குக் கோபம்தான். இத்தனை நாள் திருடன் மாதிரி நின்றவன் நான்.

"பயம் வே. தள்ளி நின்னா எவனாவது கேப்பான், நீ எங்க இருந்தன்னு. நடுவுல போயி நிக்கவன எவனும் கேக்க மாட்டான். இதுதான் அந்த மூணாவது காரணம். தீய வச்சவன்தான் தண்ணிவாளியத் தூக்கிக்கிட்டு முதல்ல ஓடி வருவான்."

 ஜக்தாப்புக்குக் கண் கலங்கியிருந்தது. உள்ளே போய்விட்டார். கப்பலும் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் படியில் தடதடவென்று சத்தம். தன் வீட்டுப் பிரம்பு நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிவரை ஏறி வந்தார் அந்த மனிதர். அவர் வீட்டில் உட்கார இருந்தது அது ஒன்றுதான் என்பது சொசைட்டிக்கே தெரியும். பழைய நாற்காலி இருந்த அதே இடத்தில் வைத்துவிட்டு, மூச்சு வாங்க, "மாஃப் கரோ" என்றார். மன்னிச்சிருங்க. ஆயுசில் அவர் சொல்லி யாரும் கேட்டிராத வார்த்தை.

ஜக்தாப் அதை வீட்டுக்குள் எடுக்கவில்லை. அப்பா உட்கார்ந்த நாற்காலிக்கு இது ஈடாகாது. ஆனால் கப்பல் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகவும் ஜக்தாப் விடவில்லை. அதனால் அது அங்கேயே நின்றது.

வஹினி எங்களைப் பார்த்தாள். "வித்யா எங்கே? சாப்பிட்டாளா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் உள்ளே வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போனாள். திங்கட்கிழமை கமலா வேலைக்குப் போனாள்.

கப்பலிடம் மட்டும் ஜக்தாப் ஒரு வருஷம் பேசவில்லை. அந்த ஒரு வருஷமும் அவர் எந்தச் சண்டைக்கும் இறங்கவில்லை. அப்பளமும் பூந்தொட்டியும் தாங்களாகவே அடித்துக்கொண்டு தாங்களாகவே ஓய்ந்தன. கேட்க ஆளில்லாமல் சண்டையே சப்பென்றிருந்தது. பம்ப் ரூம் சாவியைக் கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த போகிக்கு முதல் நாள் ஒவ்வொரு கதவாகத் தட்டி, துடைப்பத்தைத் தூக்கிக் காட்டி, "இது எரிக்கதா, இருக்கதா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். மராத்தி வீடு, பஞ்சாபி வீடு ஒன்றையும் விடவில்லை. மூன்றாம் மாடிக்கு வந்து எங்களிடம் கேட்டுவிட்டு, எதிர்க்கதவைத் தட்டாமல் திரும்பினார். அப்போது கதவு தானாகத் திறந்தது. ஜக்தாப் கையில் ஒரு உடைந்த மரப்பெட்டி. அதுவரை அந்த வீட்டிலிருந்து எதுவும் தீக்குப் போனதில்லை.

"ஹே ஜாளா" என்று அவர் கையில் கொடுத்தார். இதை எரியுங்கள்.

கப்பல் அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு நின்றது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. பிறகு என்னைப் பார்த்து, "தாயிகிட்ட ஒரு காப்பி போடச் சொல்லும் வே" என்றார்.

சில வருஷத்தில் தூத்துக்குடிக்கு, மகன் வீட்டோடு இருக்கப் போய்விட்டார். ஒருவழியாகக் கப்பல் கடல் இருக்கிற ஊருக்குப் போனது. வளைகுடாவில் இரண்டாம் தடவை சண்டை வந்தபோது நானும் ஜக்தாப்பும் அவருக்குப் போன் போட்டோம். போரைப் பற்றிக் கேட்போம் என்று நினைத்து ஜக்தாப் பேப்பரைக் கூட மடியில் விரித்து வைத்திருந்தார். கப்பல் அதைப் பற்றிப் பேசவே இல்லை. வித்யா என்ன படிக்கிறாள், பம்ப் ரூம் சாவி யாரிடம் இருக்கிறது, வஹினியின் முழங்கால் வலி எப்படி என்று வரிசையாக விசாரித்தார். கடைசியில், "அந்த நாற்காலி இருக்கா வே?" என்றார்.

இருக்கிறது என்று சொன்னேன். இன்னமும் அதே இடத்தில்தான் இருக்கிறது, இரண்டு வாசலுக்கும் நடுவில். ஆகுர்டி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தால் ஜக்தாப் அதில் உட்கார்ந்துதான் ஷூவைக் கழற்றுகிறார். பிரம்பு இப்போது கொஞ்சம் தொய்ந்துவிட்டது, பின்ன ஆள் வருவதாகச் சொல்லியிருக்கிறான். அதனால் போகிக்கு முதல் நாள் மட்டும் நானும் ஜக்தாப்பும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அதை அவர் வீட்டுக்குள்ளே தூக்கி வைத்துவிடுகிறோம்.